ரோட்டவேட்டரா, உளிக்கலப்பையா, உழாமலே ஊன்றுவதா?

இறவை வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 250:75:75 கிலோ தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து. ஏக்கருக்குப் பார்த்தால் மணிச்சத்தோடு கொஞ்சம் தழைச்சத்தும் உள்ள டிஏபி உரம் 65 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ, யூரியா 190 கிலோ. எப்படி உழுதாலும் இந்த மொத்தம் மாறாது. எங்கே, எப்படிப் போடுவது என்பதுதான் மாறும்.

சுழலும் கத்திகளால் மண்ணை வெட்டும் ரோட்டவேட்டரில் வேலை சீக்கிரம் முடியும், மண்ணும் மாவாகும். ஆனால் நாலைந்து அங்குலத்துக்குக் கீழே போகாது. வருடக்கணக்காக அதையே ஓட்டினால் அடிமண் தட்டுப் போல இறுகிவிடும். ஈரமான நிலத்தில் இரும்புக் கம்பியை அழுத்திப் பாருங்கள். சட்டென்று நின்றால் தட்டு இருக்கிறது. செடியைப் பிடுங்கினால் வேர் பக்கவாட்டில் மடங்கியிருக்கும். அடியுரம் குறைவில்லாமல் போட்டும் இளஞ்செடி இலை ஊதா நிறமாகும். மணிச்சத்து மண்ணில் இருக்கும், வேர்தான் எட்டவில்லை. இன்னொரு மூட்டை டிஏபி வாங்குவது வீண் செலவு.

அந்த நிலத்துக்கு, ஆழமாகக் கீறி அடித்தட்டை உடைக்கும் உளிக்கலப்பைதான் சரி. அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, பிறகு கல்டிவேட்டர் இரண்டு சால். மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். மண் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் தட்டு நொறுங்காது, கீறல்தான் விழும். தழைச்சத்தில் கால் பங்கு அடியுரம், 25ஆம் நாள் பாதி, 45ஆம் நாள் மீதி. 60 செ.மீ. இடைவெளியில் பார் (மண் வரப்பு) பிடித்தால் இன்னொரு லாபம்: அந்த 25ஆம் நாள் யூரியாவை, செடிக்கு மண் அணைக்கும்போதே மூடிவிடலாம். காற்றோடு போகாது, செடியும் சாயாது.

நெல் தரிசில், அதாவது நெல் அறுத்த நிலத்தில், உழாமல் விதை ஊன்றுவது வேறு கணக்கு. உழவுச் செலவு மிச்சம், மண்ணின் ஈரமும் கைகொடுக்கும். ஆனால் நிலத்தில் கிடக்கும் நெல் தாள் மேல் தூவிய யூரியா அம்மோனியாவாக ஆவியாகும். தாள் மட்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பயிர் சின்னதிலேயே வெளுப்பது இதனால்தான். அடியுரத்தைத் தூவாமல், விதையிலிருந்து 5 செ.மீ. தள்ளிக் குழியில் வைத்து மூட வேண்டும். மேலுரம் போட்ட அன்றே தண்ணீர் கட்ட வேண்டும். களைக்கொல்லியான அட்ரசின் முளைக்கும் களையைத்தான் தடுக்கும், தழைத்து வரும் நெல் தூரை ஒன்றும் செய்யாது. அதனால் நெல்லை அறுக்கும்போதே தரையோடு அறுத்துவிடுங்கள்.