சோபியெஸ்கியா, பத்தோரியா?

போலந்தின் போர் மன்னர் என்றதும் எல்லார் வாயிலும் முதலில் வரும் பெயர் மூன்றாம் யான் சோபியெஸ்கி. வராமல் எப்படி இருக்கும்? 1683 செப்டம்பர் 12, இரண்டு மாதமாக ஒட்டோமான் முற்றுகையில் திணறிக்கொண்டிருந்த வியன்னா, மாலை நேரம், மலைச்சரிவிலிருந்து பல்லாயிரம் குதிரைகள் ஒன்றாக இறங்குகின்றன, அதில் சுமார் 3,000 பேர் சிறகு வைத்த போலந்துக் குதிரைவீரர்களான ஹுஸார்கள், கையில் ஐந்து மீட்டர் நீள ஈட்டி. மன்னரே நேரில் நின்று படை நடத்தினார். அந்த இரவில் எதிரித் தளபதி காரா முஸ்தபா விட்டு ஓடிய கூடாரத்தில் உட்கார்ந்து மனைவிக்குக் கடிதம் எழுதுகிறார்: கொள்ளைப் பொருள் இல்லாமல் வரும் புருஷனைத் தாத்தார் பெண்கள் 'நீயெல்லாம் வீரனா' என்று கேட்பார்களாம், நீ என்னை அப்படிக் கேட்க முடியாது என்று. ஓடும் அவசரத்திலும் ஒரு தீக்கோழியின் தலையை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், கிளி ஒன்று பறந்துவிட்டது என்பதையும் விடாமல் எழுதியிருக்கிறார். இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இருந்தாலும் என் ஓட்டு அவருக்கு இல்லை, நூறு வருடம் முன்னால் ஆண்ட ஸ்டெஃபான் பத்தோரிக்குத்தான்.

பத்தோரி போலந்துக்காரரே இல்லை. டிரான்சில்வேனியாவிலிருந்து வந்து, 1576இல் முடிசூடி, போலந்து மொழி தெரியாமல் லத்தீனிலேயே பேசிச் சமாளித்தவர். எதிரே நின்றது ரஷ்ய மன்னர் பயங்கர இவான். பத்தோரி முதலில் கை வைத்தது பணத்திலும் ஆளிலும். கலகம் செய்த டான்சிக் நகரம் 1577இல் பணிந்து 2,00,000 ஸ்வோத்தி (போலந்து நாணயம்) கட்டியது. அடுத்த வருடமே அரச நிலங்களின் குடியானவர்களிலிருந்து காலாட்படை எடுக்க ஏற்பாடு செய்தார். குதிரைப்படையை வைத்தே எல்லாம் முடியும் என்று நினைத்த நாட்டில் இது சின்ன காரியமில்லை.

1579இல் இவான் கையில் இருந்த போலோட்ஸ்க் கோட்டை. மரச்சுவர், ஆனால் விடாத மழை, எவ்வளவு முயன்றாலும் தீப்பிடிக்கவில்லை. கடைசியில் ல்வோவ் ஊரைச் சேர்ந்த செம்புப் பாத்திரம் செய்யும் ஒருவர், குண்டு மழைக்கு நடுவில் தீயோடு சுவர்வரை போய்ப் பற்ற வைத்தார். மன்னர் அவரைப் பிரபு வகுப்புக்கே உயர்த்திவிட்டார். எனக்குப் பத்தோரியைப் புரியவைத்தது இந்த ஒரு சம்பவம்தான்.

சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். 1581இல் ரஷ்ய நகரமான ப்ஸ்கோவை மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. படை பனியில் வாடியபோது மன்னர் பொறுப்பைத் தன் தளபதி சமோய்ஸ்கியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். ஆனாலும் 1582 ஜனவரியில் யாம் சபோல்ஸ்கி உடன்படிக்கையில் இவானின் தூதர்கள் கையெழுத்திட்டார்கள். பால்டிக் கடலோர லிவோனியாவும் போலோட்ஸ்கும் போலந்து-லித்துவேனியா பக்கம் வந்தன.

போரால் நாட்டுக்கு என்ன கிடைத்தது என்று சோபியெஸ்கி பக்கம் கேட்டால் மனசு வலிக்கிறது. வியன்னா பிழைத்தது, லாபம் அங்கே ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கு. ஒட்டோமான்கள் கையில் இருந்த, போலந்துக்கு வேண்டியிருந்த காமினியெட்ஸ் கோட்டை அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1699இல்தான் திரும்பியது. மொல்தாவியப் படையெடுப்புகள் வீணாயின. ரஷ்யாவைத் துணைக்குச் சேர்க்க 1686இல் கீவை நிரந்தரமாக விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை, அதுவும் உண்மை. பத்தோரி காலத்து சபை (நாடாளுமன்றம்) சண்டை போட்டாலும் கடைசியில் வரி கொடுத்தது. சோபியெஸ்கி காலத்திலோ ஒரே ஒரு உறுப்பினர் மறுத்தால் சபையே கலையும். போர் செய்யும் திறமையை மட்டும் பார்த்தால் சோபியெஸ்கிதான் ஒரு படி மேல் என்பேன். 1673இல் ஹோட்டினில் ஒட்டோமான்களை வென்று, மன்னராவதற்கு முன்பே, அதைக் காட்டிவிட்டார்.

பத்தோரி 1586 டிசம்பரில் க்ரோத்னோவில் இறந்தபோது ரஷ்யா மீது அடுத்த படையெடுப்புக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். நூறு வருடம் கழித்து, 1688இல், அதே க்ரோத்னோவில் சோபியெஸ்கியின் சபை கூடியது. அவைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கலைந்துபோனது.