வண்ணப்பூச்சுக்கு அடியில் விரிசல்: பழைய பந்தயக் கார் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

1950களின் பந்தயக் கார் ஒன்றை வாங்கி, இங்கிலாந்தில் நடக்கும் பழங்காலக் கார்ப் பந்தயங்களில் ஓட்ட விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். சென்ற நவம்பரில் இங்குள்ள வணிகர் ஒருவரிடம் 1957ஆம் ஆண்டு லோட்டஸ் லெவன் என்ற பிரிட்டிஷ் பந்தயக் காரை வாங்கினேன். சேஸிஸ் (காரின் அடிச்சட்டகம்), சஸ்பென்ஷன் (சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு), ஸ்டீயரிங் தண்டு அனைத்தையும் பிரித்து விரிசல் சோதனை செய்துவிட்டதாக அவர் எழுதியே கொடுத்திருந்தார். மார்ச்சில் வேறொரு மெக்கானிக் ஸ்டீயரிங் தண்டின் வெல்டிங் மீதிருந்த கறுப்பு வண்ணத்தைச் சுரண்டியபோது, தண்டைச் சுற்றிப் பாதி தூரத்துக்கு விரிசல் தெரிந்தது. உள்ளே துரு ஏறியிருந்தது. வண்ணம் மட்டுமே புதியது.

இதை வெறும் பண இழப்பாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் வடிவமைத்த லோட்டஸ் லெவன், மெல்லிய எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து, அலுமினியத் தகடு போர்த்தி, அரை டன்னுக்கும் குறைவான எடையில் உருவான கார்; அதில் ஒவ்வோர் இணைப்பும் ஓட்டுநரின் உயிரைத் தாங்குகிறது. அக்காலப் பந்தயங்களில் சீட் பெல்ட் வழக்கத்தில் இல்லை. எரியும் காருக்குள் சிக்குவதைவிட வெளியே தூக்கியெறியப்படுவதே மேல் என்று பல ஓட்டுநர்கள் நம்பினர். 1960 ஜூனில் பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில் பயிற்சி நடந்தபோது, புகழ்பெற்ற பிரிட்டிஷ் ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸின் பின்சக்கரம் கழன்று அவருடைய கால்கள் முறிந்தன. அதே பயிற்சியில் மைக்கேல் டெய்லர் ஓட்டிய லோட்டஸில் ஸ்டீயரிங் தண்டின் வெல்டிங் விட்டுப்போய், கார் மரங்களுக்குள் பாய்ந்தது. அவர் உயிர் பிழைத்தாலும் பந்தய வாழ்க்கை அத்துடன் முடிந்தது. என் காரிலும் விரிசல் விட்டிருந்தது ஸ்டீயரிங் தண்டின் வெல்டிங்தான் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

வணிகர் தந்த சோதனைத் தாளில் உதிரிபாக எண்களும் இல்லை, சோதித்தவரின் கையொப்பமும் இல்லை. கேட்டபோது, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின், பழங்காலப் பந்தயக் கார்களுக்கான தொழில்நுட்பக் கடவுச்சீட்டைக் காட்டினார். அது கார் அக்கால வடிவமைப்புக்கு ஒத்திருக்கிறதா என்பதை மட்டுமே பதிவு செய்கிறது. உலோகத்தின் உறுதிக்கு அது சான்றாகாது. குறையுள்ள பொருளை 30 நாள்களுக்குள் திருப்பிக் கொடுக்கச் சட்டம் தரும் உரிமையோ, பந்தயமில்லாத குளிர்காலத்தில் கார் கொட்டகையில் நின்றபோதே காலாவதியாகிவிட்டது. இப்போது தண்டை மாற்றித் தருவதாக மட்டும் சொல்கிறார். பொய்யான சோதனைத் தாளைப் பற்றி வாய் திறக்க மறுக்கிறார்.

ஆகவே, வாங்கும் முன்பே வண்ணத்தை முழுதாக நீக்கி, எஃகு பாகங்களுக்குக் காந்தத் துகள் சோதனையும் (காந்தமேற்றிய பாகத்தில் இரும்புத் துகள்கள் விரிசலில் திரளும்), அலுமினிய பாகங்களுக்குச் சாய ஊடுருவல் சோதனையும் (விரிசலுக்குள் புகுந்த சாயம் அதைக் காட்டிக்கொடுக்கும்) நீங்களே தேர்ந்தெடுத்த சோதனைக்கூடத்தில் செய்யுங்கள். அதற்கு உடன்படாத வணிகரிடம் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.