தப்புப் பாஸ்வேர்டு பிடிக்க வாஸூ: செம்பூரிலிருந்து ஒரு விமர்சனம்

மும்பை செம்பூரில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசுக்கு சிஸ்டம் வேலை பார்க்கிறேன். டேலி ஓடும் விண்டோஸ் சர்வர் ஒன்று, ஃபைல் சர்வர் ஒன்று, கிளவுடில் இரண்டு லினக்ஸ் மெஷின், நவா ஷேவாவில் ஒரு சின்னக் கிளை. இவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம். இதில் எவனாவது பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் எனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் வாஸூ (Wazuh) போட்டிருக்கிறோம்: மெஷின்களில் நடப்பதைப் பதிவு செய்யும் லாகுகளைப் படித்து, சந்தேகமானதைக் கண்டால் எச்சரிக்கும் மென்பொருள். ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. ஓசெக் என்ற பழைய மென்பொருளிலிருந்து 2015-இல் பிரிந்து வந்தது. அந்தப் பரம்பரை இன்றைக்கும் ஃபோல்டர் பெயர்களில் தெரியும்.

இன்ஸ்டால் செய்வதில் பெரிய கஷ்டம் இல்லை, ஒரே ஸ்கிரிப்ட்தான். 25 ஏஜென்ட் (கண்காணிக்கும் ஒவ்வொரு மெஷினிலும் போடும் சின்ன புரோகிராம்) வரைக்கும் மேனேஜர் என்ற மையச் சர்வருக்கு 4 கோர், 8 ஜிபி ராம், 50 ஜிபி டிஸ்க் என்று அவர்களே சொல்கிறார்கள். மூலையில் கிடக்கும் 4 ஜிபி டெஸ்க்டாப்பில் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். லாகின் தோல்விகளுக்கு வாஸூவோடு வரும் ரூல்களே (எது நடந்தால் எச்சரிப்பது என்ற விதிகள்) போதுமான அளவு நன்றாக இருக்கின்றன. உதாரணத்துக்கு எஸ்எஸ்ஹெச், அதாவது லினக்ஸ் மெஷினுக்குள் தூரத்திலிருந்து நுழையும் வழி. இல்லாத யூசர் பெயரில் எவனாவது நுழையப் பார்த்தால் 5710 என்ற ரூல் எழும், லெவல் 5. லெவல் என்பது எவ்வளவு ஆபத்து என்ற அளவு, எண் கூடினால் ஆபத்தும் கூடும். அதே ஐபியிலிருந்து 120 நொடிக்குள் அது 8 தடவை நடந்தால் 5712, லெவல் 10. யூசர் பெயர் சரி, பாஸ்வேர்டு மட்டும் திரும்பத் திரும்பத் தப்பு என்றால் அதற்கு 5763 என்று தனியாக ஒன்று. இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வாஸூ லாக்டெஸ்ட் என்ற கருவி இருக்கிறது. இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். லாகிலிருந்து ஒரு வரியை எடுத்து அதில் ஒட்டினால், அந்த வரியில் எது யூசர், எது ஐபி, எந்த ரூலில் விழுகிறது என்று பிரித்துக் காட்டும். அதே வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டே போனால், 5710, 5710 என்று வந்துகொண்டிருப்பது திடீரென்று 5712 ஆக மாறும். புது ரூல் எழுதினால் இதில் ஓட்டிப் பார்க்காமல் ரீஸ்டார்ட் கொடுக்கவே கூடாது.

இப்போது எந்த லெவலுக்கு ஆளை எழுப்புவது என்ற கேள்வி. இயல்பாக வாஸூ லெவல் 12 அல்லது அதற்கு மேல் என்றால்தான் மெயில் அனுப்பும். அப்படியானால் 5712 மெயிலாக வராது, டாஷ்போர்டில் மட்டும்தான் இருக்கும். நான் அதை 10-க்கு இறக்கினேன், மெயில் கொட்டியது. இணையத்தில் எஸ்எஸ்ஹெச்சின் 22-ஆம் போர்ட்டைத் திறந்து வைத்தால் அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், உபுண்டு என்று பெயர் போட்டுப் பார்க்கும் தானியங்கிப் பாட்களுக்கு ஓய்வே கிடையாது. எங்கள் முதலாளி அண்ணாச்சிக்கும் ஒரு காப்பி போய்க்கொண்டிருந்தது. "தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்புதே உன் மெஷின், திருடன் உள்ள வந்துட்டானா இல்லையா? அதச் சொல்லச் சொல்லு மொதல்ல" என்றார்.

அவர் கேட்டதற்குப் பதில் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. 40112 என்று ஒரு ரூல்: பல தடவை தோல்வி, அப்புறம் அதே ஐபியிலிருந்து ஒரு வெற்றி. லெவல் 12. இந்த ஒன்றுக்காகவே வாஸூவைப் போடலாம் என்பேன். மெயில் லெவலைத் திரும்ப 12-க்கே ஏற்றிவிட்டு, மற்றதைக் காலையில் டீ குடித்துக்கொண்டே டாஷ்போர்டில் பார்க்கிறேன். கூடவே நானாக ஒன்று எழுதிச் சேர்த்தேன்: இரவு 10 முதல் காலை 6 வரை டேலி சர்வரில் யார் லாகின் செய்தாலும் லெவல் 12. நேரம் பார்க்கும் இந்த மாதிரி ரூல் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது மேனேஜர் சர்வரின் கடிகாரத்தைத்தான் பார்க்கும். அந்த மேனேஜர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால் உங்கள் ராத்திரி ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போய்விடும். சொந்த ரூல்களுக்கு 100000 முதல் 120000 வரை எண் ஒதுக்கியிருக்கிறார்கள். லோக்கல் ரூல்ஸ் ஃபைலில் மட்டும் எழுதுங்கள். கூட வந்த ஃபைல்களில் கை வைத்தால் அடுத்த அப்கிரேடில் எல்லாம் போய்விடும்.

விண்டோஸ் பக்கம் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். தோல்வியடைந்த லாகின் எல்லாம் 4625 என்ற ஈவன்ட்டாக வரும். ரிமோட் டெஸ்க்டாப் என்றால் லாகான் டைப் (எந்த வழியில் நுழைந்தார்கள் என்ற எண்) 10 என்று படித்துவிட்டு அதைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். என்எல்ஏ (திரை வருவதற்கு முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் வசதி) போட்டிருந்தால் தோல்விகள் டைப் 3 என்றுதான் பதிவாகும். தோல்விக்குக் காரணம் சொல்லும் சப் ஸ்டேட்டஸ் என்ற குறியீட்டையும் பாருங்கள். 6ஏ என்று முடிந்தால் பாஸ்வேர்டு தப்பு, 64 என்று முடிந்தால் அப்படி ஒரு யூசரே இல்லை. ஒரு தடவை ஃபைல் சர்வரில் 6ஏ மழையாகப் பெய்தது. தேடிப் போனால் வரவேற்பறையில் இருந்த ஜெராக்ஸ் மெஷின். ஸ்கேன் செய்ததை ஃபோல்டரில் போட அதற்குள் பழைய பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்தார்கள். அந்த ஐபியை ரூலில் விலக்கிவிடலாம்தான். நான் விலக்கவில்லை, மெஷினில் பாஸ்வேர்டை மாற்றினேன். விலக்கிய ஐபி நாளைக்கு எவன் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

குறை என்று சொன்னால், இந்த ரூல்கள் எல்லாம் ஒரே ஐபியிலிருந்து மடமடவென்று அடிப்பவனைத்தான் எண்ணுகின்றன. பல ஐபிகளிலிருந்து நிதானமாக, ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று என்று முயல்கிறவன் 8-ஐ எட்டவே மாட்டான். அவனுக்கு ஐபியை விட்டுவிட்டு யூசர் பெயரை வைத்து எண்ணும் ரூலை நாமேதான் எழுத வேண்டும். நான் ஒரு மணி நேரத்துக்கு 10 என்று வைத்திருக்கிறேன். எக்ஸ்எம்எல்லில் ஏழெட்டு வரிதான், ஆனால் பழகாதவருக்கு ஒரு சாயங்காலம் போய்விடும்.

தானாகவே ஐபியைத் தடுக்கும் ஆக்டிவ் ரெஸ்பான்ஸ் வசதியும் உண்டு. கிளவுட் மெஷின்களில் மட்டும் போட்டிருக்கிறேன். எங்கள் நவா ஷேவா கிளையில் மொத்தப் பேரும் ஒரே ஐபியில்தான் வெளியே வருகிறார்கள். ஒருத்தர் கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டு விடாமல் அடித்தால் கிளை முழுக்க வெளியே நிற்கும், கப்பல் காத்திருக்காது. அந்த ஐபியை ஒயிட் லிஸ்டில் போட்டுவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம். மெயில் அனுப்பும் பகுதிக்கு யூசர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும் எஸ்எம்டிபி சர்வரோடு நேரடியாகப் பேசத் தெரியாது. நடுவில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வரை வைக்க வேண்டும். அப்புறம், இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்து 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். வாஸூ இயல்பாக அலர்ட் ஆனதை மட்டும்தான் சேமிக்கிறது. எல்லா லாகும் வேண்டும் என்றால் லாக்ஆல் என்ற செட்டிங்கை நீங்களே எஸ் ஆக்க வேண்டும், அதற்கேற்ற டிஸ்க்கும் வாங்க வேண்டும்.

ஒரே ஒரு லினக்ஸ் சர்வர்தான் இருக்கிறது என்பவர்களுக்கு இத்தனையும் அதிகப்படி. தப்பாக முயலும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போட்டுக்கொள்ளுங்கள், 10 நிமிஷத்தில் 5 தப்பு என்றால் 10 நிமிஷம் தடை என்பது அதன் இயல்பான கணக்கு. டெபியன் 12 என்றால் லாகின்களைப் பதிவு செய்யும் ஆத் லாக் ஃபைல் தானாக இருக்காது, ஃபெயில்2பேன் லாகை எங்கிருந்து படிக்கும் என்று சொல்லும் பேக்எண்டை சிஸ்டம்டி என்று மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.