ஏப்ரல் யாருக்கு: வீட்டுத் தோட்டத்துக்கா, கிரீட்டின் மலைப்பூக்களுக்கா?

இங்கிலாந்தில் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஏப்ரலில்தான் வேலை குவியும். கிரேக்கத் தீவான கிரீட்டில் காட்டுப்பூக்கள் கொட்டிக் கிடப்பதும் அதே மாதம்தான். இரண்டிலும் ஆசை உள்ளவர் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். நான் கிரீட்டுக்குப் போனேன். மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன்.

செலவு என்று பார்த்தால் தோட்டம்தான் மலிவு. லண்டனிலிருந்து கிரீட்டின் கானியா நகருக்கு நாலு மணி நேர விமானம், தங்க இடம், மலைக்குப் போக வாடகைக் கார் எல்லாம் சேர்ந்தால் விதைப் பொட்டலங்களின் விலையெல்லாம் கணக்கிலேயே வராது. முளை விடுவதிலிருந்து பூப்பது வரை கூடவே இருக்கும் சுகமும் தோட்டத்தில்தான்.

ஆனால் எனக்கு முடிவைச் சொன்னது வேறு ஒன்று: எதைத் தள்ளிப்போட முடியும் என்பது. இங்கே மே நடுப்பகுதி வரை உறைபனி பயம் உண்டு. தக்காளியையும் பீன்ஸையும் அதற்கு முன் வெளியே நட முடியாது. மார்ச்சிலேயே விதைத்துவிட்டால் ஏப்ரல் முழுக்க நாற்றுகள் ஜன்னலோரத்தில் வெளிச்சத்துக்காக நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும். தினம் தண்ணீர், தட்டைத் திருப்பி வைப்பது, தொட்டி மாற்றுவது என்று நாம் வீட்டை விட்டு நகர முடியாது. பீன்ஸையும் சுக்கினியையும் ஊரிலிருந்து திரும்பி மே நடுவில் விதைத்துப் பாருங்கள். மண் சூடேறியிருக்கும், முந்தி விதைத்ததை எட்டிப் பிடித்துவிடும். தக்காளி நாற்று மே மாதம் நர்சரியிலேயே கிடைக்கும். மிளகாய்க்கு மட்டும் இது ஒத்துவராது. அதை பிப்ரவரி, மார்ச்சில் போட்டாக வேண்டும். அந்தத் தொட்டிகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

கிரீட்டில் இந்தச் சலுகை இல்லை. கடலோரத்தில் அனிமோனிகள் பிப்ரவரி, மார்ச்சிலேயே பூத்துவிடும். மே நடுவில் தாழ்வான இடங்கள் காய்ந்து பழுப்பாகிவிடும். மேலே ஏற ஏற வசந்தம் பிந்தி வரும் என்பது மட்டும் நமக்குச் சாதகம். 1,000 மீட்டருக்கு மேலுள்ள ஓமாலோஸ் சமவெளியில் ஏப்ரல் பிற்பாதியில், நடுவில் மஞ்சள் வைத்த இளஊதா துலிப்புகள் வயல்களிலேயே பூத்து நிற்கும். ஸ்பிலி ஊருக்கு மேலே உள்ள மேட்டு நிலத்தில் சிவப்புத் துலிப்புகளும், அவற்றோடு ஆர்க்கிட்களும். அங்கே தேனீ ஆர்க்கிட் இனங்களைத் தேடிக் குனிந்தே நடக்கவேண்டும். பூவின் கீழிதழ் பெண் தேனீபோல ரோமத்தோடு இருக்கும், வாசனையும் அப்படியே. ஏமாந்து வந்து உட்காரும் ஆண் தேனீ மகரந்தக் கட்டிகளைச் சுமந்துகொண்டு போகும். பல செடிகள் ஒரு சாண் உயரம்கூட இருக்காது!

இதை வீட்டில் வளர்க்கலாமே என்றால், தூசுபோன்ற அந்த விதைக்குள் சேமித்த உணவே கிடையாது. மண்ணிலுள்ள பூஞ்சையின் துணையில்லாமல் இயற்கையில் முளைக்காது. தோண்டி எடுத்துவரும் எண்ணமே வேண்டாம். அது அந்த மலைக்கு நாம் செய்யும் கெடுதல். போதாததற்கு, அனுமதியின்றி ஆர்க்கிட்களை எல்லை தாண்டிக் கொண்டுவருவது சட்டப்படியும் குற்றம்.

சின்னக் குழந்தைகளோடு நான் போனதில்லை. அந்த வளைவுச் சாலைகள் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வானிலையும் அந்தந்த வாரத்து அதிர்ஷ்டம்தான். அப்புறம், தோட்டம் போட்ட முதல் வருடம் என்றால் போகாதீர்கள். அந்த வசந்தத்தில் களையை விட்டால் கோடை முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஏப்ரலில் விடுப்பே கிடைக்காதா? சரி, 'லைலக் ஒண்டர்' என்ற துலிப் கிழங்கை நவம்பரில் நடுங்கள். ஓமாலோஸ் துலிப் வகையைச் சேர்ந்தது. பெரிய கலப்பினத் துலிப்புகள் பல அடுத்த வருடமே மெலிந்துவிடும், இது இடம் பிடித்துவிட்டால் பரவும். நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து வையுங்கள், கோடையில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.