கொலராடோவில் மின்சாரக் கார் லீஸ்: மாநில வரிச்சலுகையால் கையில் நிற்பது எவ்வளவு?

மின்சாரக் காருக்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் தரும் வரிச்சலுகை 24 மாத லீஸுக்கும் 36 மாத லீஸுக்கும் ஒரே தொகைதான். இதைக் கணக்குப் போடாமல் மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 2025இல் அடிப்படைச் சலுகை 3,500 டாலர். ஸ்டிக்கர் விலை (தயாரிப்பாளர் குறிக்கும் பட்டியல் விலை) 35,000 டாலருக்குக் கீழே என்றால் கூடுதலாக 2,500. ஆக மொத்தம் 6,000: இரண்டு வருடத்தில் மாதம் 250 டாலர் குறைந்தது, மூன்று வருடத்தில் 167தான். இரண்டு வருடத்துக்கும் குறைவான லீஸுக்குச் சலுகையே கிடையாது.

2026இல் அடிப்படைத் தொகை 750 டாலராகச் சுருங்கிவிட்டது. கூடுதல் 2,500 அப்படியே நிற்கிறது. இரண்டு வருட லீஸில் 40,000 டாலர் காருக்கு மாதம் 31 டாலர்தான் மிச்சம். மலிவான மாடலுக்கோ 135. 7,500 டாலர் மத்திய அரசுச் சலுகையும் 2025 செப்டம்பர் 30உடன் முடிந்தது. இரண்டும் சேர்ந்திருந்த 2024இல்தான் கொலராடோவின் டென்வரில் ஃபியட் 500இ என்ற சிறிய மின்சாரக் கார் மாதத் தவணையே இல்லாமல் லீஸுக்கு வந்தது. அந்தக் காலத்து விளம்பரங்களை வைத்து இன்று பேரம் பேச முடியாது.

மத்தியச் சலுகை லீஸ் கம்பெனிக்குப் போனது. மாநிலச் சலுகை காரை லீஸுக்கு எடுப்பவருக்கே உரியது. அதைப் பெறும் உரிமையை டீலர் வழியாக எழுதிக்கொடுத்து அன்றே விலையில் கழிக்கலாம். நிர்வாகக் கட்டணமாக 150 டாலர் வரை பிடித்துக்கொள்ள இடமுண்டு. தகராறு வருவது இங்கேதான்: உங்கள் சலுகையையே "எங்கள் தள்ளுபடி" என்று காட்டிவிடுவார்கள். முதலில் சலுகை இல்லாத விலையை எழுத்தில் வாங்குங்கள். பிறகு ஒப்பந்தத்தில் இந்தத் தொகை தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அவசரம் இல்லாதவர்கள் எழுதிக்கொடுக்காமல், மாநில வரித் தாக்கலில் டிஆர் 0617 படிவத்தோடு கேட்பதே மேல். கட்ட வேண்டிய வரி குறைவாக இருந்தாலும் மீதி பணமாகவே வரும். தவணையைக் குறைக்க முன்பணமாகப் போட்ட தொகை, கார் விபத்தில் முழுதாகச் சேதமானால் பெரும்பாலும் திரும்பாது. தாக்கலில் வாங்கிய பணம் உங்களிடமே இருக்கும்.

பதிவின்போது வரும் உடைமை வரியை மறந்துவிடாதீர்கள். தவணை எவ்வளவு குறைந்தாலும் இது ஸ்டிக்கர் விலையில் 85 சதவீதத்துக்கு, முதல் வருடம் 2.1 சதவீதம், இரண்டாம் வருடம் 1.5 சதவீதம். 34,000 டாலர் கார் என்றால் முதல் வருடம் சுமார் 607, அடுத்தது 434 டாலர். லீஸ் முடிந்து அதே காரை விலைக்கு வாங்கினால் புதிதாக மாநிலச் சலுகை கிடைக்காது.