ரேடியேஷன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கணினி ஆடியோ: இயர்பட்ஸா, காற்றுக்குழாயா, ஸ்பீக்கரா?

வை-ஃபை ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் தலை கனக்கிறது, ப்ளூடூத் மாட்டினால் காது குறுகுறுக்கிறது என்று சொல்கிறவர்கள் சேலத்தில் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறவர்கள், வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவர்கள் என்று நாள் முழுக்கக் கணினியில் பேசியாக வேண்டியவர்கள். ஐந்து ரோடு பக்கம் கடையில் போய்க் கேட்டால் ‘ரேடியேஷன் இல்லாத ஹெட்செட்’ என்று ஏதோ ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். எது உண்மையிலேயே தலைக்குப் பக்கத்தில் மின்காந்தப் புலத்தைக் குறைக்கிறது, எதற்கு வீணாகக் காசு கொடுக்கிறோம் என்பதைப் பார்க்கத்தான் இந்த அலசல்.

அதற்கு முன்னால் மருத்துவம் என்ன சொல்கிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2005 டிசம்பரில் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தலைவலி, சோர்வு, தூக்கமின்மை, தோல் எரிச்சல் என்று இவர்கள் சொல்லும் தொந்தரவுகள் நிஜமானவை, சிலரை முடக்கிப் போடும் அளவுக்குக் கடுமையானவை. ஆனால் அவற்றுக்கு மின்காந்தப் புலம்தான் காரணம் என்று சொல்ல அறிவியல் அடிப்படை இல்லை என்பது அதன் சாரம். அதே ஆண்டு லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 31 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தங்களுக்கு ரேடியேஷன் ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன 725 பேர் அவற்றில் கலந்துகொண்டார்கள். கருவி ஓடுகிறதா நிற்கிறதா என்பதைச் சொல்லாமல் வைத்துச் சோதித்தபோது, புலம் இருப்பதை அவர்களால் மற்றவர்களைவிடச் சரியாக உணர முடிந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

இதைக் கேட்டால் ‘அப்போ நாங்க நடிக்கிறோமா’ என்று மனம் நோகிறவர்கள் உண்டு. யாரும் நடிக்கவில்லை. வலி இருக்கிறது, காரணம் வேறாக இருக்கலாம் என்பதுதான் செய்தி. இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, கண் பவர், காதுக்குள் கோளாறு இவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையிலேயே காட்டலாம். கருவி வாங்குவதும் டாக்டரைப் பார்ப்பதும் கூடவே நடக்கட்டும், ஒன்றுக்காக இன்னொன்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆகவே நான் ஒப்பிடும் அளவுகோல் இரண்டு. இயற்பியல் கணக்குப்படி அந்தக் கருவி தலைக்கருகே புலத்தை நிச்சயமாகக் குறைக்க வேண்டும். காரணம் வேறு என்று பின்னால் தெரிந்தாலும், காதுக்கும் பேச்சுக்கும் அது நல்ல கருவியாகவே இருக்க வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன் சார்ஜரைப் பாருங்கள்

இதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கையால் தொட்டு உணரக்கூடிய, அளந்து காட்டக்கூடிய ஒரே காரணம் இங்கேதான் இருக்கிறது. லேப்டாப் சார்ஜர் மின்சாரத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி மாற்றுகிறது. அப்போது எழும் மின் இரைச்சலை அடக்க, கரண்ட் வரும் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவே சின்ன கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியே மிக மெல்லிய மின்னோட்டம் கசியும். பிளக்கில் இரண்டு முள்தான் என்றால் அந்தக் கசிவு எர்த்துக்குப் போக வழியில்லை. லேப்டாப்பின் உலோக உடம்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அழுத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். டெஸ்டரை வைத்தால் பல லேப்டாப்களில் லேசாக விளக்கு எரிவதைப் பார்க்கலாம். பாதுகாப்புத் தரத்தின்படி இந்தக் கசிவு 0.25 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது, ஆகவே நல்ல சார்ஜரில் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஹெட்போன் வயரின் கிரவுண்டும் (மின்னோட்டம் திரும்பி வரும் கம்பி) இதே உடம்போடு சேர்ந்ததுதான். உலோக மூடி போட்ட இயர்போனும் வேர்த்த காதும் சேர்ந்தால் சிலருக்கு அது நன்றாகவே தெரியும்.

ஏற்காட்டில் எஸ்டேட் கணக்கு பார்க்கும் என் பெரியம்மா மகள், “இயர்போன் மாட்டுனாலே காதோரம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது கண்ணு, எல்லாம் அந்த டவர் பண்ற வேலை” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில கேட்டுப் பாருங்கக்கா என்றேன். ஊறல் நின்றுவிட்டது. தலைவலி நிற்கவில்லை, அதற்கு டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறார். ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு தொந்தரவுகள் அன்றைக்குத் தனித்தனியாகப் பிரிந்தன என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

எனவே மூன்று முள் சார்ஜர் கிடைக்கும் லேப்டாப்பாகப் பாருங்கள். மூன்று முள் இருந்தும் சுவர் பாக்ஸில் எர்த் வராவிட்டால் பயனில்லை. பழைய வீடுகளில் அந்த மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் பாறை. மேல்மண் ஆழமில்லாத இடத்தில் அடித்த எர்த் குழாய்க்கு மண்ணோடு சரியான பிடிப்பு இருக்காது. எலக்ட்ரீசியனை அழைத்து எர்த் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், வீட்டில் நாமே சோதிக்கிற காரியமல்ல இது. கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தையும் விட வேண்டாம்.

ப்ளூடூத்தா, வயரா?

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. சாதாரண இயர்பட்ஸ் பலவற்றின் ப்ளூடூத் வெளியிடும் சக்தி சில மில்லி வாட்; கிளாஸ் 2 வகைக்கு உச்ச வரம்பே 2.5 மில்லி வாட்தான். 4ஜி போன் 200 மில்லி வாட் வரை போகும். ஆகவே போனைக் காதில் அழுத்திப் பேசுவதைவிட இயர்பட்ஸ் எவ்வளவோ தேவலை. ஆனாலும் அது காதுத் துவாரத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஒலிபரப்புகிற ரேடியோ. நம் அளவுகோலில் வயர்தான் வெல்கிறது. குட்டி யு.எஸ்.பி. ரிசீவரோடு வரும் வயர்லெஸ் ஹெட்செட்டும் பெரும்பாலும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோதான். ‘ப்ளூடூத் இல்லை’ என்று விற்றால் ஏமாற வேண்டாம்.

வயருக்கு மாறியவர்கள் பலர் மறப்பது ஒன்று. லேப்டாப்பில் ப்ளூடூத்தும் வை-ஃபையும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஏரோபிளேன் மோடில் போட்டு, லேன் வயரில் இணையத்தை எடுங்கள். பெரும்பாலான ரூட்டர்களில் லேன் ஓடும்போதே வை-ஃபையை மட்டும் அணைக்கும் வசதி இருக்கிறது.

சாதா இயர்போனா, காற்றுக்குழாய் ஹெட்செட்டா?

‘ஏர் டியூப்’ என்று விற்கப்படும் இந்த வகையில் ஸ்பீக்கர் காதுக்குள் இருக்காது. வயர் நெஞ்சருகே ஒரு சின்ன டப்பாவில் முடிந்துவிடும். அங்கிருந்து காதுவரை வெறும் பிளாஸ்டிக் குழாய், உள்ளே காற்று. ஸ்டெதாஸ்கோப்பில் ஒலி வருவது இதே முறையில்தான். கடைசி ஒரு சாண் தூரத்துக்கு உலோகம் கிடையாது என்பது உண்மை. மேலே சொன்ன கசிவு மின்னோட்டமும் காதை எட்டாது. அந்த வகையில் இது விளம்பர வித்தை மட்டும் அல்ல, பயனுள்ள வடிவமைப்பு.

ஆனால் எங்கே பயன் என்று பார்க்க வேண்டும். போனில் மாட்டினால், போனின் ரேடியோ அலை வயரில் ஏறிக் காதுவரை வருவதை அது குறைக்கும். வை-ஃபை அணைத்து, எர்த் சரியாக உள்ள லேப்டாப்பில் மாட்டினால், வயரில் ஏறுவதற்கு அங்கே ரேடியோ அலையே பெரிதாக இல்லை. சாதா இயர்போனுக்கும் இதற்கும் வித்தியாசம் மிகச் சிறியது. குழாயில் வரும்போது உயர் சுருதிகள் மங்கிவிடும். பழைய லேண்ட்லைன் தொலைபேசிக் குரலே 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள் அடங்கியதுதான் என்பதால் பேச்சுக்குக் குறையில்லை. பாட்டு கேட்கிறவர்களுக்கு, அதுவும் வீணையும் ஜால்ராவும் ரசிக்கிறவர்களுக்கு, இது ஏமாற்றம். காதுகேள் கருவிக் குழாயில் போலவே இதிலும் ஈரம் கோத்துக்கொள்ளலாம். மூடுபனிக் காலத்து ஏற்காட்டில் கழற்றி உலர வைப்பது நல்லது.

இதய பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலான சாதாரண இயர்போன்களில் நியோடைமியம் என்ற வலுவான காந்தம் இருக்கிறது. 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இயர்போனை பேஸ்மேக்கருக்கு 3 சென்டிமீட்டருக்குள் வைத்தால் சிலருக்கு அதன் இயக்கம் பாதிக்கப்படுவதைக் காட்டினார்கள். காற்றுக்குழாய் ஹெட்செட்டில் அந்தக் காந்தம் காதிலிருந்து இறங்கி நெஞ்சில் வந்து தொங்குகிறது! இவர்கள் அந்த டப்பாவை மறுபக்கத் தோளிலோ மேசை விளிம்பிலோ கிளிப் செய்ய வேண்டும். சாதா இயர்போனையும் சட்டைப் பையில் போடக்கூடாது.

மற்றவர்கள் அந்தக் காந்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. அது நிலையான புலம். நம் ஊரில் பூமியின் காந்தப் புலமே சுமார் 40 மைக்ரோடெஸ்லா. கஞ்சமலையில் காந்தக் கல்லான மேக்னடைட் படிவங்களே உண்டு, சித்தர் கோயிலுக்குத் தலைமுறை தலைமுறையாகப் போய்வருகிறோம். காந்தமே இல்லாத எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அதில் காதருகே சவ்வுக்கு 580 வோல்ட் வரை கொடுப்பது வழக்கம். மின்புலத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கு அது எதிர்த்திசைப் பயணம், விலையும் எட்டாது.

என் ஓட்டு ஸ்பீக்கருக்கு

தனியறை இருக்கிறவர்களுக்கு வயர் ஸ்பீக்கரைவிட நல்லது எதுவுமில்லை. காரணம் தூரம். ஸ்பீக்கர் காயில், சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றின் காந்தப் புலம் சற்று விலகியதும் தூரத்தின் மூன்றாம் மடிக்கு ஏற்பச் சரியும். 30 சென்டிமீட்டரில் இருப்பதை 120-க்குத் தள்ளினால் புலம் ஏறக்குறைய 64-இல் ஒரு பங்காகிவிடும். ஒலி அழுத்தம் திறந்த வெளியில்கூட நான்கில் ஒரு பங்காகத்தான் குறையும், அறைக்குள் சுவர் எதிரொலிப்பதால் அதைவிடக் கொஞ்சம் கூடவே கேட்கும். இழப்பது கொஞ்சம், தவிர்ப்பது அதிகம். காதுக்குள் எதையும் திணிக்காததால் வேர்வை, புண், அழுக்கு அடைப்பு எல்லாம் போகும்.

எந்த ஸ்பீக்கர்? ப்ளூடூத் அறவே இல்லாத மாடல். ‘ஆக்ஸ்’ வயர் மாட்டினாலும் பல ஸ்பீக்கர்களில் ப்ளூடூத் உள்ளே தேடிக்கொண்டே இருக்கும். சின்ன அறைக்கு யு.எஸ்.பி.யிலேயே கரண்ட் எடுக்கும் ஜோடி போதும், தனி அடாப்டர் தொல்லை இல்லை. கொஞ்சம் நல்ல ஒலி வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயரை அறையின் மூலையில் வைத்து, நீளமான ஸ்பீக்கர் வயர் இழுத்து, பெட்டிகளை மட்டும் முன்னால் வையுங்கள். நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஆப்டிக்கல் வயர் போட்டால் ரேடியேஷனே இருக்காது என்கிறார்கள். 1983-இல் தோஷிபா கொண்டுவந்த இந்த முறையில் ஒலி சிவப்பு வெளிச்சமாகப் போகிறது. வயரைப் பொறுத்தவரை சரி. ஆனால் முனையில் இருக்கும் ஸ்பீக்கர் கரண்டில்தானே ஓடுகிறது? கிரவுண்ட் லூப்பால், அதாவது இணைத்த கருவிகள் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆவதால் வரும் ‘ம்ம்ம்’ இரைச்சல் இருந்தால் மட்டும் வாங்கலாம். அந்த இரைச்சல் மின்வெட்டின்போது மட்டும் வந்தால், சதுர அலை இன்வெர்ட்டர்தான் காரணமாக இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர் அதைத் தீர்க்கும்.

ஸ்பீக்கருக்குக் குறையும் உண்டு. அடுத்த அறையில் பிள்ளைகள் படிக்கும் வீட்டில், அம்மாபேட்டை, குகை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில், ஆபீஸ் ரகசியம் பேச முடியாது. மலையில் தகரக் கூரைமேல் மழை இறங்கினால் ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது. அந்த நேரங்களுக்கு ஒரு காற்றுக்குழாய் ஹெட்செட் கூடவே இருக்கட்டும். பேசுவதற்கு யு.எஸ்.பி. வயர் மைக் ஒன்றை வாய்க்கு அருகில் வைத்தால் எதிரொலி குறையும்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. கேபிள் வராத எஸ்டேட் வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் கணினி ஓடும். சிக்னல் மங்கலாக இருக்கும் இடத்தில் போன் தன் சக்தியை உச்சத்துக்கு ஏற்றும். அதை மடிக்கருகே வைத்துக்கொண்டு ஹெட்செட்டை மட்டும் மாற்றி என்ன பயன்? சிக்னல் நன்றாக வரும் ஜன்னலோரம் போனை வைத்து, யு.எஸ்.பி. வயரில் இணையத்தை எடுங்கள். சாதாரண யு.எஸ்.பி. 2.0 வயர் 5 மீட்டர் வரை இழுக்கலாம். போன் தூரமும் போகும், சக்தியும் தானாகக் குறையும்.

போனில் ஒட்டும் ஸ்டிக்கர், கழுத்தில் போடும் பதக்கம் பக்கம் போகவே வேண்டாம். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம், 5ஜி-யிலிருந்து காப்பதாக விற்ற பதக்கம், கண்மூடி உட்பட 10 பொருட்களைச் சோதித்து, அவையே கதிரியக்கம் வெளியிடுகின்றன, உடனே கழற்றுங்கள் என்று எச்சரித்தது. பயந்துபோன மனிதர்களிடம் இப்படி ஒரு பொருளை விற்றிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

வாங்கிய பிறகு ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் ஒருவர் தினமும் காலையில் ரூட்டரின் வை-ஃபையை நீங்கள் அறியாமல் அணைக்கட்டும் அல்லது போடட்டும்; நாணயம் சுண்டி முடிவு செய்து, தன் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். ரூட்டர் விளக்கை மறைத்துவிட்டு, போனிலும் கணினியிலும் வை-ஃபையைத் தொடாமல், நீங்கள் லேன் வயரிலேயே வேலை செய்து, அன்றன்றைய தலைவலியை உங்கள் நோட்டில் எழுதுங்கள். சில வாரம் கழித்து இரண்டு நோட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் போகும்போது அவற்றையும் எடுத்துப் போங்கள்.