பெகி, ஈஎஸ்ஆர்பி, யுஎஸ்கே: ஒரே கேமுக்கு ஏன் மூன்று வயது?

ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24 கால்பந்து கேம் 2023-ல் வந்தபோது கேம்களுக்கு வயது முத்திரை போடும் அமெரிக்க அமைப்பான ஈஎஸ்ஆர்பி அதற்கு 'இ' கொடுத்தது, அதாவது எல்லாரும் ஆடலாம். ஐரோப்பாவில் அதே வேலையைச் செய்யும் பெகி 3 என்றது. ஜெர்மனியின் யுஎஸ்கே மட்டும் 12 போட்டது. அதற்கு முந்தைய ஃபிஃபா 23-க்கு இதே யுஎஸ்கே கொடுத்திருந்தது 0. களத்தில் பந்தை உதைப்பதில் புதிதாக எந்த ஆபத்தும் சேர்ந்துவிடவில்லை. உள்ளே என்ன வீரர் இருப்பார் என்று தெரியாமல் காசு கட்டிப் பிரிக்கும் கார்டு பாக்கெட்டுகளையும் 2023 முதல் யுஎஸ்கே வயதுக் கணக்கில் சேர்க்க ஆரம்பித்தது, அவ்வளவுதான். பெகியும் ஈஎஸ்ஆர்பியும் அந்த விஷயத்தை எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டதோடு சரி.

இதற்கு நேர் எதிரான கூத்து, 2024-ல் வந்த பலாட்ரோ. போக்கர் சீட்டுச் சேர்க்கைகளை வைத்து ஆடும் புதிர் இது. பணம் கட்ட வழியே இல்லை. இருந்தும் பெகி 18 என்று முத்திரை குத்தியது. இதில் பழகும் போக்கர் அறிவு நிஜச் சூதாட்டத்துக்கும் உதவும் என்பது காரணம். ஈஎஸ்ஆர்பியோ 10 வயதுக்கு மேல் போதும் என்றது. மேல்முறையீட்டுக்குப் பிறகு, 2025 பிப்ரவரியில் பெகி 12-க்கு இறங்கி வந்தது. சூதாட்டத்தின் படத்தைக் காட்டினால் 18, காசு கொடுத்துக் குலுக்கல் எடுத்தால் 3 என்று இரண்டும் ஒரே அமைப்பிடமிருந்து வந்ததுதான் வேடிக்கை.

வன்முறையில் கதையே வேறு. பெகியின் படிகள் 3, 7, 12, 16, 18. ஈஎஸ்ஆர்பியில் 'இ', '10+', அப்புறம் 13-க்கு 'டி', 17-க்கு 'எம்', கடைசியில் 18-க்கு 'ஏஓ'. துப்பாக்கிச் சண்டை நிறைந்த சாகச கேமான அன்சார்ட்டட் 4-க்கு ஈஎஸ்ஆர்பியில் 'டி', பெகியில் 16. மனிதர்களைச் சுடுவது நிஜம்போலத் தெரிந்தாலே பெகி 16-க்கு ஏற்றிவிடும். ரத்தம் தெறிக்காதவரை ஈஎஸ்ஆர்பி 13-ல் விட்டுவைக்கும். வாள், மந்திரச் சண்டை கேமான எல்டன் ரிங்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: 'எம்', 16. துப்பாக்கிச் சண்டை உள்ள கேம் என்றால் பெகி எண்ணைப் பிடித்துக்கொள்வதே நல்லது. பொதுவாக நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பிளேஸ்டேஷன் டிஸ்க் உறைகளிலும் இருப்பது பெகி எண்தான்.

விவரத்தில் ஈஎஸ்ஆர்பியை அடிக்க ஆளில்லை. 'ரத்தம்' வேறு, 'ரத்தமும் சிதைந்த உறுப்புகளும்' வேறு. 'வன்முறை' வேறு, 'கடும் வன்முறை' வேறு என்று பிரித்தே போடுவார்கள். டிஸ்க்கில் வரும் கேம்களுக்கு அவர்கள் தளத்தில் ஒரு பத்திச் சுருக்கமும் உண்டு. எந்த ஆயுதம், என்ன வசை, எந்தக் காட்சி என்று வெளிப்படையாக எழுதியிருக்கும். வாங்குமுன் அந்த ஒரு பத்தியைப் படித்தால் போதும்.

சட்ட பலம் ஜெர்மனியில் முழுசாக உண்டு. பிரிட்டனில் 2012 முதல் 12, 16, 18 முத்திரை உள்ள டிஸ்க்குகளை வயது குறைந்தவருக்கு விற்பது குற்றம். அமெரிக்காவில் எல்லாம் கடைகளும் கம்பெனிகளும் தாமாகப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடுதான்.

போனில் நிலவரம் வேறு. ப்ளே ஸ்டோரில் இந்தியாவுக்குத் தெரியும் 3+, 7+, 12+, 16+, 18+ எண்கள் ஐஏஆர்சி என்ற பல நாட்டுப் பொது முறையில் வருபவை. கேமைச் செய்தவரே கேள்விப் பட்டியலை நிரப்புவார், எண் தானாக விழும். வெளியாகும் முன் யாரும் உட்கார்ந்து ஆடிப் பார்ப்பதில்லை. தப்பு இருந்தால் பிற்பாடுதான் திருத்துவார்கள். அந்நியர்களோடு பேசும் வாய்ஸ் சாட் பெரும்பாலும் இந்த வயதுக் கணக்கில் சரியாக அடங்குவதில்லை. 'பயனர்கள் பேசிக்கொள்ளலாம்' என்ற ஒரு வரிக் குறிப்போடு விட்டுவிடுவார்கள். 7+ என்று போட்ட கேமில் காது கூசும் வசை கேட்பது இப்படித்தான். ஐபோனில் ஆப்பிள் தனக்கென்று வேறு எண்கள் வைத்திருக்கிறது. 2025-ல் பழைய 12+, 17+ இரண்டையும் எடுத்துவிட்டு 13+, 16+, 18+ கொண்டுவந்தது.

ப்ளே ஸ்டோரில் பூட்டுப் போட: புரொஃபைல் படம், செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரண்டல் கன்ட்ரோல்ஸ். ஆன் செய்து, பிள்ளைக்குத் தெரியாத பின் எண் கொடுத்து, ஆப்ஸ் அண்ட் கேம்ஸில் வயதைத் தேர்ந்தெடுங்கள். இது அந்த ஒரு போனுக்கு மட்டும்தான். ஏற்கெனவே இன்ஸ்டால் ஆன கேம் அப்படியே கிடக்கும், கையால்தான் அழிக்க வேண்டும். பிரவுசரில் இறக்கிய ஏபிகே ஃபைலை (ஸ்டோர் இல்லாமலே ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) இந்தப் பூட்டு கண்டுகொள்ளாது. அதற்கு 'தெரியாத ஆப்ஸை இன்ஸ்டால் செய்' அனுமதியைத் தனியாக மூட வேண்டும். காசு போவதைத் தடுக்கும் பர்ச்சேஸ் வெரிஃபிகேஷனும் வேறு செட்டிங்தான், ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி அதையும் மாற்றிவையுங்கள்.